‘கனாடோ ரெட்’ என்று விற்கும் விரிப்பு: அசல் நவஹோவா, எதை வைத்துச் சொல்வது?

மணல்மேடு (கேள்வி)

ஃபீனிக்ஸில் ஒரு பழம்பொருள் கடையில் இரண்டு கம்பளி விரிப்புகள் விலைக்கு இருக்கின்றன. இரண்டுமே நவஹோ என்கிற அமெரிக்கத் தென்மேற்குப் பழங்குடியினர் நெய்தவை என்கிறார்கள்.

முதலாவது 50 அங்குல அகலம், 78 அங்குல நீளம். சிவப்புத் தரை. நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பெரிய வைரக்கட்டங்கள், அவற்றின் விளிம்பு ரம்பப்பல் மாதிரி. சுற்றிலும் கறுப்புக் கரை, இடையிடையே சாம்பலும் வெள்ளையும். அழுக்கே இல்லை. சீட்டில் ‘கனாடோ ரெட், 1920 வாக்கில்’ என்று போட்டு 2,400 டாலர்.

இரண்டாவது 30க்கு 58 அங்குலம். பழுப்பு, சாம்பல், வெள்ளை, கொஞ்சம் சிவப்பு. நாலு மூலையில் மட்டும் படிக்கட்டு மாதிரி டிசைன். நடுவில் வெறும் பட்டைக் கோடுகள்தான், ஏதோ முடிக்காமல் விட்டதுபோல இருக்கிறது. நல்ல அழுக்கு. சிவப்பு பக்கத்து வெள்ளையில் ஊறியிருக்கிறது. 450 டாலர். சீட்டில் ‘நவஹோ, பழையது’ என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

தொட்டுப் பார்க்க, புரட்டிப் பார்க்க விடுகிறார்கள். என்னவெல்லாம் பார்க்க வேண்டும்? ‘கனாடோ’ என்ற பெயரை நம்பலாமா? பழைய நவஹோ போர்வைகள் லட்சக்கணக்கான டாலருக்குப் போகின்றன என்கிறார்களே, அது எந்த வகை?

---

பாவும்ஊடையும்

டிசைனைக் கடைசியில் பாருங்கள். டிசைனை யார் வேண்டுமானாலும் படத்தைப் பார்த்து நெய்துவிடலாம். எந்தத் தறியில் நெய்தது என்பதை மறைப்பதுதான் கஷ்டம், அது ஓரங்களில் தெரிந்துவிடும்.

நவஹோ தறி நிமிர்ந்து நிற்கிற தறி. மிதி கிடையாது, அச்சு கிடையாது, நாடா கிடையாது. பாவை (நீளவாக்கில் ஓடும் நூலை) முதலில் தரையில் கிடத்திய சட்டத்தில், இரண்டு கம்புகளுக்கு நடுவே, எட்டு வடிவில் ஒரே நூலாகச் சுற்றுகிறார்கள். நூலை எங்கும் வெட்டுவதில்லை. அப்படிச் சுற்றிய பாவின் இரண்டு முனைகளிலும் முறுக்கிய கயிற்றைப் பின்னிப் பாவுகளைச் சம இடைவெளியில் நிறுத்தி, அந்தக் கயிற்றைத் தறிக்கம்போடு சேர்த்துக் கட்டி, தறியை நிமிர்த்துகிறார்கள். ஆகவே முடிந்த விரிப்பில் மேலும் கீழும் குஞ்சம் இருக்காது, முடிச்சு இருக்காது, வெட்டிய நுனி இருக்காது. பாவு அந்தக் கயிற்றில் போய் வளைந்து திரும்பி வரும். நாலு பக்கமும் மூடிய ஓரம்.

மிதித்தறி இதற்கு நேர்மாறு. நீளப் பாவு, நெய்து முடித்ததும் வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டிய நுனியை ஏதாவது செய்தாக வேண்டும்: குஞ்சமாக விடலாம், முடிச்சுப் போடலாம், இல்லை ஊசியில் கோத்துத் துணிக்குள்ளேயே திருப்பிச் செருகலாம். மெக்சிகோவில் ஓஹாக்கா மாநிலத்தின் தெயோதித்லான் தெல் வாயே ஊர்க்காரர்கள், சபோதெக் நெசவாளர்கள், இந்த மூன்றாவதில் கைதேர்ந்தவர்கள். அவர்கள் நெய்வது நல்ல விரிப்புதான், அதில் குறை இல்லை. இடையில் யாரோ நவஹோ சீட்டை ஒட்டி மூன்று மடங்கு விலை வைப்பதுதான் வில்லங்கம்.

கையில் மூன்று சாமான் கொண்டுபோங்கள்: 10 மடங்கு பெருக்கும் கண்ணாடி, அங்குல ஸ்கேல், கைபேசி டார்ச். பிறகு இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் கண்ணை மூடிக்கொண்டு மேல் ஓரத்தை விரலால் தடவுங்கள். ஓரத்திலிருந்து ஒன்றரை, இரண்டு அங்குலம் வரை துணி தடித்து விறைப்பாக இருந்து, அதற்குப் பிறகு சட்டென்று இளகினால், அங்கே பாவு நுனிகளைத் திருப்பிச் செருகியிருக்கிறார்கள். ஒரு பாவு போக வேண்டிய தடத்தில் இரண்டு போவதால் வரும் தடிப்பு அது. கீழ் ஓரத்திலும் அப்படியே இருந்தால் மேலே யோசிக்க வேண்டியதில்லை.

அடுத்து மூலை. நவஹோ விரிப்பில் மேல் கீழ்க் கயிறுகளும் பக்கவாட்டுக் கயிறுகளும் மூலையில் சந்தித்து முடிச்சு விழும். அதன் மிச்சம் சின்னக் குஞ்சலமாக நிற்கும். புழக்கத்தில் அது அறுந்து போயிருக்கலாம். போனாலும் அடிக்கட்டை தெரியும்.

பிறகு பக்கவாட்டு ஓரம். அங்கே பெரும்பாலும் இரண்டு கயிறு, ஒன்றையொன்று சில வரிசைக்கு ஒருமுறை தாண்டி முறுக்கிக்கொண்டே மேலே ஏறும். கண்ணாடியில் ஜடை மாதிரி தெரியும். சபோதெக் விரிப்பில் அந்த இடத்தில் இரண்டு மூன்று பாவை ஒன்றாகச் சேர்த்து அதன்மேல் ஊடையை (குறுக்கே ஓடும் நூலை) சுற்றியிருப்பார்கள். உருண்டையாக இருக்கும், முறுக்கு இருக்காது. பக்கக் கயிறு போடாத நவஹோ நெசவாளர்களும் உண்டு. அதனால் இது இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

கடைசியாக, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, ஒரே நிறமாக இருக்கிற இடத்தைப் பாருங்கள். சாய்வாக ஒரு மெல்லிய கோடு, ஊசி குத்தின வரிசை மாதிரி ஓடும். ‘சோம்பேறிக் கோடு’ என்று வியாபாரிகள் வைத்த பெயர். சோம்பலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அகலமான விரிப்பில் நெசவாளி ஒரு பக்கம் உட்கார்ந்து கைக்கு எட்டும் அளவு நெய்து ஏற்றிவிட்டு, நகர்ந்து அடுத்த பகுதியைச் சேர்ப்பார். இரண்டும் சேரும் இடம் சாய்கோடாக விழுகிறது. மிதித்தறியில் நாடா ஓரத்துக்கு ஓரம் ஓடிவிடுவதால் இந்தக் கோட்டுக்கு வேலையே இல்லை. இது இருந்தால் பெரிய சாட்சி. இல்லாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. 20ஆம் நூற்றாண்டு விரிப்புகள் பலவற்றில் கிடையாது.

நெருக்கம் எண்ணுவதில் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். ஊடை பாவை முழுக்க மூடிவிடுவதால், பாவு ஒவ்வொன்றும் மேலே ஒரு வரப்பாகத்தான் தெரியும். குறுக்கே ஸ்கேல் வைத்து ஓர் அங்குலத்தில் எத்தனை வரப்பு என்று எண்ணினால் பாவுக் கணக்கு. ஊடைக்கு, ஒரு வரப்பின் மேலேயே ஓர் அங்குலத்துக்கு எண்ணி *இரண்டால் பெருக்க* வேண்டும், ஏனென்றால் ஒன்று விட்டு ஒரு ஊடைதான் அந்த வரப்பின்மேல் வரும், மற்றது அதன் பின்னால் போகும். மூன்று இடத்தில் எண்ணிச் சராசரி எடுங்கள். அங்குலத்துக்கு 30 ஊடை சாதாரண விரிப்பு, 50 என்றால் நல்ல வேலை, 80க்கு மேல் போனால்தான் ‘டேப்பஸ்ட்ரி’ என்று சொல்லலாம்.

---

குறுக்குநூல்

மேலே சொன்னதோடு இன்னும் ஒன்று: கரையை அறுத்துக்கொண்டு வெளியே போகிற மெல்லிய கோடு ஒன்று மூலைப் பக்கமாக இருக்கிறதா பாருங்கள். நெசவாளியின் மனசு உள்ளே அடைபடாமல் இருக்க விடுகிற வழி. இருந்தால் நவஹோதான். பாவு பருத்தியாக இருந்தால் நவஹோ இல்லை, கம்பளியாகத்தான் இருக்கும்.

---

அவுரி

குறுக்குநூல், இரண்டுமே அப்படி அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

அந்த வழிக்கோடு சாட்சியாக நிற்காது. கரை போட்ட விரிப்பில்தான் அதற்கு இடமே உண்டு; கரை போடுவது விரிப்புக் காலத்து வழக்கம், பழைய போர்வைகளில் கிடையாது. கரை இருந்தும் கோடு விடாத நெசவாளர்கள் ஏராளம். வாங்குகிறவர்கள் அதைத் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் நகல் நெய்கிறவர்களும் ஒரு கோடு விட்டுவிடுகிறார்கள், அதற்கு அரை அடி நூல் போதும்.

பருத்திப் பாவு விஷயமும் அப்படித்தான். ஜெர்மன்டவுன் என்கிற ஆலை நூலில் நெய்த விரிப்புகளில் பருத்திப் பாவு சகஜம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியாபாரிகள் பருத்திக் கயிறு விற்றார்கள், நெசவாளர்கள் பயன்படுத்தினார்கள். சுற்றுலாப் பயணிகளுக்காக நெய்த ‘கேலப் த்ரோ’ என்கிற சின்ன விரிப்பு பருத்திப் பாவுதான், ஒரு முனையில் முடிச்சிட்ட குஞ்சமும் உண்டு, ஆனாலும் அது அசல் நவஹோ. பருத்தி என்றால் சந்தேகப்படுங்கள், அதோடு நிறுத்துங்கள். ஓரம் என்ன சொல்கிறது என்பதோடு சேர்த்துத்தான் தீர்ப்பு.

மணல்மேடு கேட்ட லட்சக்கணக்குச் சமாசாரத்துக்கு வருகிறேன். அது தரையில் போடும் விரிப்பு இல்லை, தோளில் போர்த்தும் போர்வை. இந்த வித்தியாசம் தெரியாமல் விலைப் பட்டியலைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

நவஹோக்கள் (அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது தினே என்று) நெசவைப் பக்கத்துப் பியூப்ளோ மக்களிடமிருந்து 17ஆம் நூற்றாண்டில் எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. சிலந்திப் பெண் கற்றுக்கொடுத்தாள் என்பது அவர்கள் கணக்கு. அரிசோனாவில் கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கில் நிற்கும் ஸ்பைடர் ராக் பாறைதான் அவள் வீடு. பியூப்ளோக்களில் ஆண்கள் நெய்தார்கள், நவஹோக்களில் பெண்கள். சுர்ரோ ஆடு 1598இல் குடியேற வந்த ஸ்பானியர் ஓன்யாத்தேயின் கூட்டத்தோடு வந்த ஆடு. அதன் மயிர் நீளம், பிசுக்குக் குறைவு. தண்ணீர் அரிதான ஊரில் கழுவாமலே சிக்கெடுத்து நூற்றுவிடலாம். பழைய போர்வைகளின் வழவழப்புக்குப் பாதிக் காரணம் நெசவாளி என்றால் மீதிப் பாதி இந்த ஆடு.

‘தலைவர் போர்வை’ என்பது அந்தப் பழைய காலத்துச் சரக்கு. நவஹோக்களில் யாரும் அதைத் தலைவர் போர்வை என்று சொன்னதில்லை. யூட் மக்களும் சமவெளிக் குடிகளும் பெரிய விலை கொடுத்து வாங்கினார்கள், வசதியுள்ளவர் தோளில் கிடந்தது, அதனால் வந்த பெயர். நீளத்தைவிட அகலம் அதிகமாக நெய்வார்கள். தோளைச் சுற்றிப் போர்த்தும்போது பட்டைகள் கிடையாக வரும். முதல் கட்டம் சுமார் 1800 முதல் 1850 வரை: வெள்ளையும் பழுப்புக் கறுப்பும் பட்டைகள், மேலும் கீழும் நடுவிலும் உள்ள பழுப்புப் பட்டைகளுக்குள் அவுரி நீலக் கோடுகள், அவ்வளவே. இரண்டாம் கட்டத்தில் அந்த நீலப் பட்டைகளுக்குள் சின்னச் சிவப்புக் கட்டைகள், வழக்கமாகப் பன்னிரண்டு. மூன்றாம் கட்டத்தில், 1860 முதல் 1880 வரை, ஒன்பது இடங்களில் வைரமும் அரை வைரமும் கால் வைரமும். முதல் கட்டம்தான் பார்க்க எளிமை, விலையில் உச்சம். 2012இல் கலிஃபோர்னியா ஏலம் ஒன்றில் ஒரு முதல் கட்டப் போர்வை 18 லட்சம் டாலருக்குப் போனது. கடைச் சுவரில் சீட்டுக் கட்டித் தொங்குகிற இடத்தில் அது கிடைக்காது.

அந்தச் சிவப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனசில்லை. நவஹோக்களிடம் நல்ல சிவப்புச் சாயம் இல்லை. ‘பயேத்தா’ என்கிற ஐரோப்பிய ஆலைத் துணியை வாங்கி, இழை இழையாகப் பிரித்து, அந்த நூலை ஊடையாகப் போட்டார்கள். அந்தத் துணிக்குச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று சாயப் பரிசோதனை செய்தால் இரண்டு பூச்சி வரும்: மெக்சிகோ பக்கத்துக் கோச்சினீல், நம் பக்கத்து அரக்கு. பழைய துண்டுகளில் அரக்கு அதிகம், 1860களுக்கு வரும்போது கோச்சினீல் மேலோங்கிவிடும். காலம் கணிக்க இது ஒரு கருவி. ஆசியக் காட்டு மரத்தில் பூச்சி கட்டின அரக்கு கப்பலேறி ஐரோப்பிய ஆலைக்குப் போய், துணியாகி, அட்லாண்டிக்கைத் தாண்டி, அரிசோனா மலைச்சரிவில் ஒரு பெண் கையில் மறுபடி நூலாகியிருக்கிறது.

1863-64இல் அமெரிக்க ராணுவத்தின் கிட் கார்சன் படை பயிரையும் ஆட்டையும் அழித்து, மக்களை நியூ மெக்சிகோவின் போஸ்கே ரெடோண்டோவுக்கு நடத்திக்கொண்டு போனது. 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் திரும்ப விட்டார்கள். மந்தை போயிற்று. அரசு கொடுத்த ஆலை நூல், பிறகு 1881இல் கேலப் வரை வந்த ரயில், ரயிலில் வந்த அனிலின் (செயற்கை) சாயப் பொட்டலம், பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுன் நூல். கண் கூசும் நிறங்களில் ‘ஐடேஸ்லர்’ வகை இங்கேதான் பிறந்தது. 1890 வாக்கில் வியாபாரிகள் சிலர் எடை போட்டு வாங்கினார்கள். எடைக்குக் காசு என்றால் யார் கம்பளியை அலசுவார்கள்? மண்ணும் பிசுக்குமாகப் பருமனாக நூற்று நெய்த ‘பவுண்டு போர்வை’கள் அந்த வருஷங்களில் வந்தவை.

கனாடோ என்ற பெயரும் வியாபாரிகள் கதைதான். 1878 முதல் அரிசோனாவின் கனாடோ ஊரில் கடை வைத்திருந்த லொரென்சோ ஹப்பெல் அடர்சிவப்பை விரும்பினார், தனக்குப் பிடித்த டிசைன்களைப் படமாக வரைவித்துச் சுவரில் மாட்டி, நெசவாளர்களுக்குக் காட்டினார். கிரிஸ்டல் ஊரில் வியாபாரி ஜே.பி. மூர் 1903இலும் 1911இலும் டிசைன் பட்டியல் அச்சடித்தே விற்றார். டூ கிரே ஹில்ஸ் பக்கம் சாயமே போடாத பழுப்பு, சாம்பல், வெள்ளை. டீக் நோஸ் பாஸ் பக்கம் பாரசீகக் கம்பளம் மாதிரி அகலக் கரை. வைட் ரூயின்ஸில் செடிச்சாயம், கரையில்லாப் பட்டைகள். இவை எல்லாம் ஒரு காலத்தில் ஊர்ப் பெயர்கள். இன்று எந்த ஊர் நெசவாளியும் எந்தப் பாணியும் நெய்வார். எனவே ‘கனாடோ’ என்று எழுதியிருந்தால் ‘சிவப்பு, சாம்பல், கறுப்பு, வெள்ளை’ என்று படித்துக்கொள்ளுங்கள், கனாடோவில் நெய்தது என்று அல்ல.

---

மணல்மேடு

எல்லாருக்கும் நன்றி. போய்ப் பார்த்துவிட்டேன்.

பெரியது: மேல், கீழ் இரண்டு ஓரத்திலும் ஒன்றரை அங்குலத்துக்குத் தடிப்பு, அப்புறம் இளகுகிறது. மூலையில் முடிச்சு எதுவும் இல்லை. பக்க ஓரம் உருண்டை. சாய்கோடு எங்கும் காணோம். கரையில் ஒரு மூலையில் மட்டும் வெள்ளைக் கோடு வெளியே போகிறது! பாவு அங்குலத்துக்கு 6, ஊடை ஒரு வரப்பில் 10. ஒரு மூலையின் பின்பக்கம் நாலு ஊசி ஓட்டை, சதுரமாக. சாம்பல் நிறம் முழுக்க ஒரே சீர்.

சின்னது: மூன்று மூலையில் குஞ்சலம், நாலாவது பிய்ந்த மூலை. பக்க ஓரத்தில் ஜடை மாதிரி இரண்டு கயிறு. நடுப் பட்டையில் சாய்கோடு நாலைந்து. பாவு 7, ஊடை ஒரு வரப்பில் 11. சாம்பல் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒரு முனையிலிருந்து இரண்டு அங்குலத்தில் நெசவு கொஞ்சம் கோணலாக, நெருக்கம் மாறி இருக்கிறது. இது குறையா? ஒரு வாடையும் அடிக்கிறது.

---

பாவும்ஊடையும்

பெரியதை விட்டுவிடுங்கள். மிதித்தறி விரிப்பு. வழிக்கோட்டைக்கூட மறக்காமல் போட்டிருக்கிறார்கள் பாருங்கள். அந்த நாலு ஊசி ஓட்டை, எந்த நாட்டுச் சரக்கு என்று தைத்திருந்த சீட்டைப் பிய்த்த இடமாக இருக்கலாம். அது மெக்சிகோவாகவும் இருக்கலாம், இந்தியாவாகவும் இருக்கலாம். நவஹோ டிசைன் போட்ட கம்பளி விரிப்புகள் இந்தியாவிலிருந்தும் கணிசமாக இறக்குமதியாகின்றன. ‘இந்தியன் ரக்’ என்று சொல்லி விற்றால் வார்த்தை அளவில் பொய்யும் இல்லை! ஒரே சீரான சாம்பலும் அதே பக்கம்தான் கை காட்டுகிறது. நவஹோ சாம்பல் பெரும்பாலும் கறுப்பு, வெள்ளை மயிரைச் சீப்புப் பலகையில் சேர்த்து வாரி எடுப்பது. ஒவ்வொரு கை வாரலுக்கும் நிறம் கொஞ்சம் மாறும். உங்கள் சின்ன விரிப்பில் அதுதான் தெரிகிறது. ஆனால் இப்போது ஆலை நூல் வாங்கி நெய்யும் நவஹோ நெசவாளர்கள் நிறைய, அவர்கள் சாம்பல் சீராகத்தான் இருக்கும். ‘1920’ என்று எழுதிவிட்டு இந்தச் சாம்பல் என்பதுதான் பொருந்தவில்லை.

சின்னது நவஹோ. முடிக்காமல் விட்டதும் இல்லை. அது சேண விரிப்பு, குதிரை முதுகில் சேணத்துக்கு அடியில் போடுவது. 30க்கு 30 ஒற்றை, 30க்கு 60 இரட்டை. இரட்டையை நடுவில் மடித்துப் போடுவார்கள். நடுப்பகுதி சேணத்துக்கு அடியில் மறைந்துவிடும், வெளியே தெரிவது மூலைகள்தான். தெரியாத இடத்தில் யார் டிசைன் போடுவார்கள்? வாடை குதிரை வேர்வையாக இருக்கலாம். கண்ணாடி வைத்துப் பாருங்கள், நெசவில் குத்திக்கொண்டு விறைப்பான குட்டை மயிர்கள் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஒரு முனையில் கோணல் என்றது குறை இல்லை. எனக்கு அதுதான் அந்த விரிப்பின் நல்ல இடம். நாலு பக்கமும் மூடிய ஓரம் வேண்டும் என்றால் மேல் கயிறு வரைக்கும் நெய்தாக வேண்டும். நெசவு மேலே ஏற ஏறப் பாவு விறைத்துக்கொண்டே போகும், ஊடை நுழைகிற வாய் திறக்காது. அகலமான அடிபலகையை எடுத்துவிட்டு ஒல்லியான குச்சி, பிறகு இன்னும் ஒல்லி, கடைசி ஓர் அங்குலத்துக்குக் குடைக்கம்பி, கோணி ஊசி. பாவைப் பிரித்துத் தூக்குகிற விழுதுக் குச்சியையும் உருவிவிட வேண்டும். ஊடையை ஒவ்வொரு பாவாக ஏற்றி இறக்கி ஊசியால் கோத்து, சீப்பு நுழையாத இடத்தில் நகத்தால் தட்டி இறக்குவார்கள். அந்த இரண்டு அங்குலத்துக்கு ஆகிற நேரத்தில் வேறு இடத்தில் அரை அடி நெய்துவிடலாம். மிதித்தறியில் இந்த அடையாளம் வரவே வராது.

வயசு சொல்ல: பிய்ந்த மூலையில் பாவு வெளியே தெரியும் இல்லையா, அதைக் கண்ணாடியில் பாருங்கள். ஒற்றை இழை, கையால் நூற்ற கம்பளியா, பல இழை சேர்த்து முறுக்கிய ஆலைக் கயிறா? நவஹோ கைநூல் தொடைமேல் கதிரை உருட்டி நூற்பது. நிமிர்த்திப் பிடித்தால் முறுக்குக் கோடு கீழே இடப்பக்கம் தொடங்கி மேலே வலப்பக்கமாக ஏறும். பருமனும் ஒரே அளவாக இருக்காது.

---

அந்துவிரட்டி

வாங்குவதானால் வாங்கின கையோடு வீட்டுக்குள் விரித்துவிடாதீர்கள். பழைய கம்பளியில் அந்து முட்டை இருக்கலாம். பின்பக்கம் பாருங்கள்: மணல் மாதிரி உருண்டைத் துகள், வெள்ளை நூலாம்படைக் குழாய், ஊடை அரித்துப் பாவு மட்டும் பல் இளிக்கிற இடம். எதுவும் தெரியாவிட்டாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். டிசைன் வெளிப்பக்கம் வருமாறு சுருட்டி (மடிக்கக் கூடாது), பாலிதீன் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி ஒட்டி, மைனஸ் 20 டிகிரிப் பெட்டியில் குறைந்தது ஒரு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க வைத்திருங்கள். குளிர்ந்த கம்பளியை உடனே திறந்தால் காற்றின் ஈரம் அதன்மேல் வியர்க்கும், அந்தச் சிவப்பு இன்னும் ஓடும். பிறகு மறுபடி ஒரு வாரம். 30 அங்குல அகலம் வீட்டு ஃப்ரீசரில் குறுக்கே கிடக்காது, மேலே மூடி திறக்கிற பெட்டி வகை வேண்டும்.

தூசிக்கு உதறக் கூடாது, அடிக்கக் கூடாது. வாக்யூம் குழாயின் உறிஞ்சலைக் குறைத்து, விரிப்பின்மேல் கொசுவலைத் துண்டை விரித்து, அதன்மேல் மெதுவாக ஓட்டுங்கள். இரண்டு பக்கமும்.

துவைக்க வேண்டாம். ஏற்கெனவே ஒரு முறை நனைந்துதான் சிவப்பு ஊறியிருக்கிறது, இன்னொரு முறை நனைந்தால் மிச்ச வெள்ளையும் போகும். சந்தேகம் இருந்தால் வெள்ளைப் பருத்தித் துணியை வடிகட்டிய தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பின்பக்கச் சிவப்பில் ஓர் ஓரமாக வைத்து ஒரு நிமிஷம் அழுத்துங்கள். துணியில் இளஞ்சிவப்பு வந்தால் தண்ணீர் கிட்டவே போகக் கூடாது. வராவிட்டாலும் சவுக்காரம், சூடு, காரம் சேர்ந்தால் வரலாம். நீராவி, சுழல் பிரஷ் வைத்துக் கம்பளம் கழுவுகிற கடைக்கு அனுப்பாதீர்கள். நவஹோ விரிப்பு கையாண்டு பழகின ஆளிடம் மட்டும். ஊறின சிவப்பை முழுக்க எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

சுவரில் மாட்ட ஆணி, கிளிப் கூடாது, எடை அந்த ஓரிரு புள்ளியில் இழுத்து ஓரக் கயிறு அறும். இரண்டு அங்குல வெல்க்ரோவின் மெத்தைப் பக்கத்தைப் பருத்தி நாடாவில் மெஷினில் தைத்து, அந்த நாடாவை விரிப்பின் மேல் ஓரத்தில் கையால் தையுங்கள், ஊசி இழையைக் குத்தாமல் பாவைச் சுற்றிப் போக வேண்டும். கொக்கிப் பக்கத்தை மரச்சட்டத்தில் அடித்துவிட்டால் எடை முழு அகலத்துக்கும் பரவும். அரிசோனா வெயில் நேராக விழும் சுவர் வேண்டாம், இரண்டு வருஷத்தில் முன்பக்கம் ஒரு நிறம், பின்பக்கம் ஒரு நிறம் ஆகிவிடும். முன்னும் பின்னும் நிறம் ஒன்றாக இருக்கிறதா என்று வாங்குமுன் நீங்களும் பாருங்கள். எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சுலபமான அளவுகோல் இல்லை.

---

மணல்மேடு

பிய்ந்த மூலையில் பாவு ஒற்றை இழை, கம்பளி, கைநூல்தான். முன் பின் நிறம் ஏறக்குறைய ஒன்று. குட்டை மயிரும் இருக்கிறது, பழுப்பு நிறத்தில். 450 நியாயமா? பெரியதைப் பற்றிக் கடைக்காரரிடம் சொல்லவா?

---

அவுரி

கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். ஒரு கேள்வி கேளுங்கள்: “நவஹோ நெசவாளி நெய்தது என்று ரசீதில் எழுதித் தருவீர்களா?” 1990 இந்தியன் கலை, கைவினைச் சட்டப்படி பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்தது என்று சொல்லி விற்பது குற்றம், தனி ஆளுக்கு முதல் முறையே 2,50,000 டாலர் வரை அபராதம், ஐந்து வருஷம் வரை சிறை. 1935க்குப் பிறகு செய்த பொருளுக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தும். பேசும்போது ‘நவஹோ’ என்றவர் எழுதும்போது ‘நவஹோ ஸ்டைல்’, ‘தென்மேற்குப் பாணி’ என்று மாறினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

450 பற்றி: சேண விரிப்புக்கு எப்போதும் விலை மட்டு. சாயம் ஓடியது, மூலை பிய்ந்தது இரண்டும் தள்ளுபடிக்குக் காரணங்கள். நான் என்றால் 300க்குக் கேட்டு 350க்கு முடிப்பேன். மூலையைப் புதிதாக நெய்து சரி செய்யக் கொடுக்காதீர்கள், நிறம் பொருத்தி நூல் தேடி நெய்கிற கூலி விரிப்பின் விலையைத் தாண்டிவிடும். மேற்கொண்டு பிரியாமல் நாலு தையல் போட்டு நிறுத்தினால் போதும்.

2,400 டாலர் செலவழிக்கிற எண்ணம் இருந்தால் கடையில் வேண்டாம். நியூ மெக்சிகோவில் கிரவுன்பாயின்ட் ஏலம் 1968 முதல் நடக்கிறது. நெசவாளர்களே கொண்டுவருகிறார்கள், ஏலத்துக்கு முன் மேசைமேல் போட்டுவைப்பார்கள், புரட்டி ஓரம் பார்க்கலாம், சீட்டில் நெய்தவர் பெயர் இருக்கும், பணம் பெரும்பகுதி அவருக்கே போகும். விலையைப் பார்த்து மலைக்கும்போது ஒரு கணக்கு நினைவில் இருக்கட்டும். 1973இல் நவஹோ கல்லூரி ஒன்று ஒரு விரிப்புக்கு மொத்தம் 345 மணி நேரம் என்று போட்டது: ஆட்டு மயிர் வெட்டிப் பதப்படுத்த 45, நூற்க 24, சாயம் காய்ச்சித் தோய்க்க 60, நெய்ய 215. விற்க 1.

---

பாவும்ஊடையும்

கிரவுன்பாயின்ட் போனால் மேசைமேல் கிடப்பதைத் தரையில் விரித்து எதிரெதிர் ஓரம் இரண்டையும் அளந்துவிடுங்கள். மேலே 48, கீழே 47 என்றால் கவலை இல்லை, கைத்தறியில் அவ்வளவு வரும். மூன்று அங்குலம் வித்தியாசம் வந்தால் பாவு இழுவை கெட்டுப்போயிருக்கிறது, தரையில் என்றைக்கும் தட்டையாகப் படியாது. நாலு மூலையையும் நடுவையும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், எழும்பி நின்றால் வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.